ஸ்டோர் ரூமில் ஓர் ஆபீஸ்

லோகேஸ்வரி பதினான்கு வருடங்கள் தன் வீட்டை வார நாளில் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. காலை ஐந்தே முக்காலுக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, இறங்கி, பஸ் மாறி, ஏழரைக்குப் பெட்டாலிங் ஜெயா ஆபீசில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். திரும்பி வரும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

கார் நடுவழியில் நின்றுபோனவர்கள் கூப்பிடும் உதவி எண் அது. டயர் பஞ்சர், பேட்டரி போச்சு, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று ஒரு நாளைக்கு எழுபது எண்பது குரல்கள். எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டறிந்து, பக்கத்தில் இருக்கும் இழுவை லோரியை அனுப்பிவைப்பது வேலை. லோகேஸ்வரிக்கு அது கைவந்த வேலை. தமிழும் மலாயும் சரளம். ஆங்கிலம் போதுமான அளவு. போதாததற்கு, கிள்ளான் பாசாரில் காய்கறிக் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்ததால் அவர்களுடைய ஹொக்கியன் சீனமும் பேசுவாள். மீட்டிங் என்று வந்தால் மட்டும் வாயே திறக்க மாட்டாள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவாள்.

கோவிட் முடக்கம் வந்தபோது ஆளுக்கொரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சமையலறைக்குப் பின்னால் பழைய சைக்கிளும் வாளிகளும் அடைந்து கிடந்த ஸ்டோர் ரூமை அவள் கணவன் முகுந்தன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலிசெய்து கொடுத்தான். அவன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவன். துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பலகைகளை வைத்து அவனே ஒரு மேசையும் அடித்துக் கொடுத்தான்.

முதல் சில மாதங்கள் அவளுக்குச் சொர்க்கம். ரயில் இல்லை, பஸ் இல்லை, கால் வீக்கம் இல்லை. ஒன்பது வயது மகள் தாமரைக்கு மதியச் சோறு சூடாகப் போட முடிந்தது. கணக்குப் பாடத்தில் அவள் தடுமாறுவது அப்போதுதான் அம்மாவுக்கே தெரியவந்தது. ஒரு நாளில் நான்கு மணி நேரம் கையில் மிஞ்சியது. அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சில நாள் வாசலில் நின்று மழையை வேடிக்கை பார்த்தாள்.

முடக்கம் விலகி ஊர் பழையபடி ஓடத் தொடங்கியது. ஆபீசுக்குப் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். லோகேஸ்வரி இருந்துகொண்டாள். அதன்பிறகுதான் மறுபக்கம் தெரிய ஆரம்பித்தது.

"வீட்லதானே இருக்கே" என்பது அவளுடைய இரண்டாவது பெயராகிவிட்டது. தெருவில் யாருக்குப் பார்சல் வந்தாலும் அவள் வீட்டில் இறங்கியது. பக்கத்து வீட்டு அமுதவள்ளி கேஸ் சிலிண்டர்காரனுக்குக் கதவு திறந்துவிடச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாத்தனாரின் பிள்ளைகள் பள்ளிவிட்டு இங்கேயே வந்து இறங்கினார்கள். முகுந்தனே ஒருநாள், "வீட்லதானே இருக்கே, அந்த ரோட் டேக்ஸ கொஞ்சம் போய்ப் புதுப்பிச்சிட்டு வந்திரேன்" என்றான். ஸ்டோர் ரூமில் காற்றாடி போட்டால் சத்தம் போனில் கேட்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வியர்வை வழிய, யாரோ ஒருவரின் பஞ்சரான டயருக்கு அவள் வழி சொல்லிக்கொண்டிருப்பாள். வெளியே யாரோ கேட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். டீம் லீடர் பதவிதான் அவளை உலுக்கியது. பத்தொன்பது வருட அனுபவம் அவளுக்கு. பதவி போனதோ, சேர்ந்து மூன்றே வருடமான கிஷனுக்கு. நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு முதன்முறையாகத் துணிந்து பிரிவுத் தலைவர் சாத்தப்பனுக்குப் போன் போட்டாள்.

"பாஸ், என் ரெக்கார்டுல ஏதும் தப்பு இருக்கா?"

"சேச்சே, உன் ரெக்கார்டுதான் பெஸ்டு" என்றார் அவர். தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஆனா லோகா, மேல உள்ளவங்களுக்கு உன்னத் தெரியவே தெரியாது லா. கிஷன தினம் லிஃப்ட்ல பாக்கிறாங்க."

போனை வைத்துவிட்டு லோகேஸ்வரி அழவில்லை. அவ்வளவு கோபம். அடுத்த மாதமே கடிதமும் வந்தது: ஜனவரி முதல் அனைவரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். மறுபடியும் ஐந்தே முக்கால் ரயில். இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்துக்கு வந்துவிட்ட தாமரை அதைப் படித்துவிட்டு, "வேற வேல தேடலாம்மா" என்றாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்குப் பிடித்த மழை, மூன்று மணிக்கெல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு வழி பண்ணிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து, ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்சார அறை புகைந்தது. ஆட்களையெல்லாம் படி வழியாக இறக்கித் தெருவில் நிறுத்திவிட்டார்கள். லோகேஸ்வரியின் திரையில் காத்திருக்கும் அழைப்புகள் ஏழு, பதினைந்து, முப்பத்தொன்று என்று ஏறின. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கைபேசி அடித்தது. சாத்தப்பன். பின்னால் மழையும் ஹாரன் சத்தமும்.

"லோகா! உன் லைன் வேலை செய்யுதா?"

"செய்யுது பாஸ். என்ன ஆச்சு?"

"இங்க கரண்டே இல்ல. எல்லாரும் ரோட்டுல நிக்கிறோம். லைன்ல எத்தன பேரு இருக்கீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். "வீட்ல இருக்கிற நாங்க நாலு பேருதான்."

சொல்லும்போதே லோகேஸ்வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பளிச்சென்று தெரிந்தது. அழைப்புகள் இன்டர்நெட் வழியாக வருபவை. லேப்டாப் எங்கே திறந்திருக்கிறதோ அங்கே மணி அடிக்கும். ஐந்து வருடமாக அவள் அப்படித்தான் பிழைக்கிறாள்.

"பாஸ், லேப்டாப்ப கையில எடுத்துட்டு இறங்கினவங்க யாரு யாரு? அவங்கள எதிர்ல உள்ள மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போகச் சொல்லுங்க. கைபேசில இருந்து இன்டர்நெட் எடுத்துக்கலாம். எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

ஆறு பேர் கையில் லேப்டாப் இருந்தது. கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும் மேசைகளில் அதைத் திறந்து வைத்தார்கள். வீட்டிலிருந்த நால்வரும் அவர்கள் ஆறு பேருமாகப் பத்துப்பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவை உண்டாக்கி, அழைப்புகளுக்கு நடுவே குரல் பதிவில் ஒவ்வொரு படியாகச் சொன்னாள் லோகேஸ்வரி. "அக்கா, எனக்கு உள்ளயே போக மாட்டேங்குது" என்றான் கிஷன். "பதறாத கிஷன். மூடிட்டு முதல்ல இருந்து வா. நான் இருக்கேன்" என்றாள். டெங்கிலில் வீட்டிலிருந்து வேலை செய்யும் சந்திரகலாவைத் தெற்குப் பக்கம் முழுவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஸ்ரீ கெம்பாங்கானில் மூன்று லோரி வைத்திருக்கும் விஜயனைக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்கு ஒன்னும் கேக்காதீங்க, நான் சொல்ற இடத்துக்கு லோரிய விடுங்க" என்றாள். "விட்டாச்சுமா" என்றார் அவர்.

நான்கு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. வயதான குரல், நடுங்கியது. மலாயில் தொடங்கி, பயத்தில் ஹொக்கியனுக்கு மாறிவிட்டது. கிள்ளானில் ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலையில் கார் நின்றுவிட்டதாம். மனைவியும் உள்ளே. தண்ணீர் இருக்கை வரை வந்துவிட்டது. லோரி எப்போது வரும் என்று கேட்டார்.

லோகேஸ்வரி ஹொக்கியனில் பேசினாள். "அங்கிள், லோரிக்காகக் காத்திருக்காதீங்க. கரண்டு இருக்கும்போதே கண்ணாடிய எறக்குங்க. இப்பவே."

"புது கார்மா இது. தண்ணி உள்ள வந்திரும்."

"கார் போகட்டும். ஆன்டி கையப் பிடிச்சிட்டு வெளிய வாங்க. இடது பக்கச் சுவத்துல சிமெண்டுப் படி இருக்கு, மேல ரோட்டுக்குப் போகும். நான் அந்த வழியா நடந்து போனவ, எனக்குத் தெரியும். போனக் கட் பண்ணாதீங்க, ஒவ்வொரு படியா எண்ணிச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து வெளியே கேட் தட்டும் சத்தம். அமுதவள்ளி குடையோடு நின்றாள். "அம்மாவக் கூப்பிடு தாமர. வீட்டுல தண்ணி ஒழுகுது, ஒரு ஆளு வரான், கொஞ்சம் வந்து நிக்கச் சொல்லு."

தாமரை கேட்டைத் திறக்கவில்லை. "அம்மா இங்க இல்ல ஆன்டி. ஆபீஸ்ல இருக்காங்க."

"என்ன விளையாடுறியா? உள்ள பேசுறது கேக்குதே."

"ஆமா. அதுதான் ஆபீஸ். ஏழு மணிக்கு மேல வாங்க."

மழையால் சீக்கிரம் திரும்பியிருந்த முகுந்தன் வரவேற்பறையில் நின்று இதைக் கேட்டான். ஸ்டோர் ரூம் பக்கம் எட்டிப் பார்த்தான். மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஹொக்கியனில் எண்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. அப்புறம் மறுமுனையில் ஒரு பெண் விம்மி அழும் சத்தமும், கிழவர் திரும்பத் திரும்ப நன்றி சொல்வதும் ஹெட்செட்டையும் மீறி அவனுக்கே கேட்டது. லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். முகுந்தன் சத்தமில்லாமல் ஒரு கோப்பை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இந்த வேலையை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஏழரை மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். ஒன்றுகூடத் தவறவில்லை.

மறுவாரம் சாத்தப்பன் அவளை நேரில் வரச் சொன்னார். நிறுவனத்தின் இயக்குநரும் இருந்தார். இந்த முறை லோகேஸ்வரி கடைசி நாற்காலிக்குப் போகவில்லை. இயக்குநருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பாராட்டிப் பேசிவிட்டு, "ஒங்களுக்கு மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தரோம்" என்றார் அவர்.

"எனக்கு மட்டும் வேணாம் சார்" என்றாள் அவள். "வீட்ல வேலை செய்றது சொகம்னு நான் சொல்ல மாட்டேன். புழுக்கம். பேச ஆள் இல்ல. ஊர்ல எல்லாரும் சும்மா இருக்கோம்னு நெனைக்கிறாங்க. நீங்களும் எங்கள மறந்துட்டீங்க. ஆனா அன்னைக்கி எல்லாரும் ஒரே கட்டடத்துல இருந்திருந்தா, அந்த வயசானவரு போன யாரு எடுத்திருப்பா? ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு பேர் வீட்ல இருக்கட்டும். அந்த ஊரு ரோடு தெரிஞ்சவங்க. வாரம் நாலு நாள் வீடு, ஒரு நாள் இங்க. அந்த டீம நான் நடத்துறேன்."

இயக்குநர் சாத்தப்பனைப் பார்த்தார். சாத்தப்பன் சிரித்தார். "சார், டீம் லீடர் பதவிக்கு லோகாவ நான் அப்பவே கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

ஜனவரியில் ஐந்தே முக்கால் ரயிலுக்குப் பதிலாக டீம் லீடர் நியமனக் கடிதம் வந்தது. ஸ்டோர் ரூமுக்குச் சத்தமில்லாத ஏர்கான் வந்தது. முகுந்தன் கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு பல்பு மாட்டினான். அது எரிந்தால் நாத்தனார் பிள்ளைகள்கூட மூச்சுவிட மாட்டார்கள். அமுதவள்ளி இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் வாரம் தன் அண்ணன் மகளுக்கு அந்த டீமில் வேலை கிடைக்குமா என்று கேட்டு வந்தாள். "விண்ணப்பம் போடச் சொல்லுங்க அக்கா, நேர்காணல் எல்லாருக்கும் ஒன்னுதான்" என்றாள் லோகேஸ்வரி.

புதிதாய் எழுவர் சேர்ந்து, மார்ச்சில் டீம் பதினொரு பேரானது. ஆபீசுக்கு வரும் நாள் ஆளுக்கொன்றாக இருந்ததால் பலர் ஒருவரையொருவர் கண்ணால் கண்டதில்லை; லோகேஸ்வரிக்கே பலரைக் குரலாகத்தான் தெரியும். லைனை ஒரு மதியத்துக்குக் கிஷனின் டீமிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லாரையும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னாள் லோகேஸ்வரி.

பன்னிரண்டரைக்கு அவள் போனபோது கடையில் ஒரே கூட்டம். யார் தன் ஆட்கள் என்று தெரியவில்லை. வாசலில் நின்று, போனில் பேசும் அதே குரலில், "வணக்கம், என்ன உதவி வேணும்?" என்று உரக்கக் கேட்டாள்.

நான்கு மேசைகளிலிருந்து தலைகள் திரும்பின. மெல்லிய குரல்காரியான டெங்கில் சந்திரகலா ஆறடி உயரத்துக்கு எழுந்து நின்றாள். "நீங்களா அது!" என்று ஒருவரையொருவர் கைகாட்டிச் சிரித்தார்கள். மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். பரிமாறுபவர் வந்து யார் தலைமை, யாரிடம் ஆர்டர் கேட்பது என்றார். பத்துப்பேரும் ஒரே நேரத்தில் லோகேஸ்வரியைக் காட்டினார்கள்.