எட்டாவது ஆளின் கால்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் அவர் நிற்கிறார் என்றால் மறுமுனைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். உதறி, நீட்டி, சுருக்கம் போக ஓர் இழுப்பு இழுப்பார். எதிரே இருப்பவர் விரிப்போடு சேர்ந்து இரண்டடி முன்னால் வந்து நிற்பார்.

"அக்கா, விரிப்பை மடிங்க. என்னை மடிக்காதீங்க" என்பாள் இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவள்.

"நான் எங்கடி இழுத்தேன்? நீதான் வந்தே."

பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. அதற்கு அவர் மேற்பார்வையாளர். வயது ஐம்பத்து நான்கு. தோள் அகலம், குரல் அதைவிட அகலம். உலர்த்தும் இயந்திரங்கள் நான்கும் ஒரே நேரத்தில் உருண்டாலும் அவர் தும்மினால் தனியாகக் கேட்கும். ஈரத்துணி நிறைந்த வண்டியை அவர் தள்ளி யாரும் பார்த்ததில்லை. இழுப்பார், அதுவும் பின்பக்கமாக நடந்து. தூண், வளைவு, சாக்கடை மூடி எல்லாம் அவருடைய குதிகாலுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லை.

"தள்ளினா பாரம் நம்மள மறைச்சிடும். இழுத்தா கண்ணு முன்னாடி இருக்கும்ல?"

"அப்ப பின்னாடி வர்றவங்க?"

"அவங்களுக்குக் கண்ணு இருக்கே, ஒதுங்கிக்குவாங்க."

கல்லூரியில் மூன்று வருடம் கயிறு இழுத்தார். பெண்கள் அணியில் எட்டுப் பேர், அவர் எட்டாவது. கயிற்றின் கடைசி முனையை அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகைச் சுற்றி மறுதோளில் போட்டுக்கொண்டு சாய்கிற ஆள். வண்டிச் சக்கரம் கழலாமல் காக்கிற ஆணியின் பெயரைத்தான் கூட்டாளிகள் அவருக்கு வைத்தார்கள்: கடையாணி. அந்த மூன்று வருடத்தில் அணி ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

"ஓடுறவங்க முன்னாடி போய் ஜெயிப்பாங்க. நாங்க பின்னாடி போய் ஜெயிச்சோம். அதான் யாருக்கும் ஞாபகமில்ல" என்பார், ஏதோ பேருந்து வழித்தடம் சொல்வதைப் போல.

ஆனால் ஏழு பேருக்கு ஞாபகம் இருந்தது. விளையாட்டில் பெயர் வாங்கிய பழைய மாணவர்களுக்கென்று கல்லூரி இந்த வருடம் ஒரு புகழ்க்கூடம் திறக்கிறது. செய்தி வந்த வாரமே அந்த ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு, கடையாணியின் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பிவிட்டார்கள். கல்லூரி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. களத்தில் இறங்கி ஆடும்போது எடுத்த படம் ஒன்று வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். படம் இல்லையென்றால் பெயரும் இல்லை.

"வந்தா வரட்டும், போனா போகட்டும்" என்று வீட்டில் சொன்னார்.

கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை.

"வந்தா வரட்டும்னு இருக்கறவங்க சிக்னல் கிடைக்குதான்னு மொட்டைமாடிக்குப் போவாங்களா?"

"துணி காயப்போடப் போனேன்."

"கையில துணியே இல்லையே."

"வேலை பார்க்கற இடத்துல பார்க்கற துணி போதாதா? சும்மா காத்து வாங்கினேன், விடுங்க."

ஏழு பேரும் ஏழு வீட்டில் பரணைக் கிளறினார்கள். பதினொரு படங்கள் தேறின. எல்லாவற்றிலும் ஏழு பேர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தி மட்டும் எதற்கோ சிரித்துக்கொண்டு. ஏழாவது ஆளுக்குப் பின்னால் கயிறு நீளும், படம் முடிந்துவிடும். எட்டுப் பேரையும் அடக்கும் அளவுக்கு எந்தக் கேமராக்காரரும் தள்ளி நிற்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், அந்த அணியில் ஏழாவதாக நின்றவர் போனில் அழைத்தார். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

"ஏய் கடையாணி, உன் கால் கிடைச்சிருக்குடி."

"என்னது?"

"முழங்கால் வரைக்கும் இருக்கே. மிச்சம் இல்ல."

படம் வந்தது. வலது ஓரத்தில் இரண்டு வெறுங்கால்கள், குதிகால் மண்ணில் புதைந்து. அதற்கு மேலே இருக்கவேண்டிய உடம்பு, சாய்ந்த சாய்வில் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

"கொஞ்சம் நிமிர்ந்து நின்னிருக்கக் கூடாதாடி? முகம் வந்திருக்குமே."

"வந்திருக்கும். கோப்பை வந்திருக்காது."

அன்று சாப்பிடும்போது கணவர் படத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "பரவால்ல. கால் மட்டும் புகழ்க்கூடத்துக்குப் போகட்டும். மத்ததெல்லாம் வீட்டுக்கு வந்துடு."

கடையாணி சிரிக்கவில்லை. "அந்தக் கோப்பையிலகூடத் தலைவி பேருதாங்க இருக்கு. என் பேரு எங்கயும் இல்ல" என்றார், தட்டைப் பார்த்தபடி. "ஒரு இடத்துல இருந்தா நல்லா இருக்கும்."

கணவர் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக அச்சடித்து, சலவைப் பிரிவின் வாசலில் கொடுத்துவிட்டுப் போனார்.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குள் கடையாணி நுழைந்தபோது மணி நாலரை. வரிசையில் இருந்த இரண்டு பேருக்குப் பின்னால் நின்றார்; தனக்குப் பின்னால் வந்த ஒருவரையும் பழக்கதோஷத்தில் முன்னால் விட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் ஓய்வு பெறுகிற வயது. ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் அளவுகோல் வைத்துக் கோடு போடுகிறவர்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"இதோ சார், இந்தக் கால்."

"முகம் எங்கம்மா?"

"இங்க இருக்கு" என்று படத்தின் விளிம்புக்கு அப்பால், மேசையில் ஒரு சாண் தள்ளி விரலை வைத்தார்.

எழுத்தர் அந்த வெற்று இடத்தை ஒருமுறை பார்த்தார். "கால் எல்லாருக்கும் இருக்கும்மா. இது உங்களோடதுதானான்னு குழுவுல கேட்டா நான் என்ன சொல்ல? அடையாளம் தெரிஞ்சாதான் முத்திரை வைக்க முடியும்."

"இடது கால்ல ரெண்டாவது விரலைப் பாருங்க. பெருவிரல் மேல ஏறி உட்கார்ந்திருக்கா?"

எழுத்தர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஆமா. ஏறித்தான் இருக்கு."

கடையாணி இடது செருப்பைக் கழற்றிவிட்டார். எழுத்தர் படத்தோடு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து குனிந்தார். ஐந்து விரல்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக, ஒழுங்காகக் கிடந்தன.

"நேராத்தானேம்மா இருக்கு" என்றார். அவருக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"சும்மா நிக்கும்போது நேராத்தான் சார் இருக்கும். பாரம் வந்தாதான் ஏறும்."

வலது செருப்பும் போனது. அவர் அந்த இரும்பு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். குதிகால்களை ஊன்றி, பாதங்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி, முழங்கை நேராகும்வரை பின்னால் சாய்ந்தார். முகம் கூரையைப் பார்த்தது. மேசைக்குள் எங்கோ ஒரு திருகாணி முனகியது. இடது காலில் இரண்டாவது விரல் மெல்ல எழும்பி, பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்தது.

எழுத்தர் படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "சரிம்மா, போதும். பார்த்துட்டேன். மேசை வந்துடப் போகுது, விடுங்க."

"முத்திரையைக் குத்துங்க சார். அப்புறம் விடறேன்."

எழுத்தர் தன் பக்கம் போய், இழுப்பறையைத் திறந்து, மையைத் தேடினார். அவசரமில்லாத மனிதர். கடையாணி கூரையைப் பார்த்தபடி, பிடியைத் தளர்த்தாமல், சாய்ந்தே இருந்தார்.