படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பி, யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

இன்னும் நம்ப முடியவில்லை... நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட, "நாளைக்கு மழை வர்றாமாரி கீதும்மா, கொட எத்தாந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே பல பேருக்கு அவரைத் தெரியாது. ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் எங்களோடு கம்பெனி பஸ் ஏறுபவர்.

ஏறுபவர் என்றா சொன்னேன்? யாராவது வர வேண்டியிருந்தால் மனுஷன் ஏறவே மாட்டார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். அப்படியே நிற்பார். கதவை மூட முடியாது, வண்டியை எடுக்கவும் முடியாது.

"யோவ் ஏழுமல, ஏறுய்யா. டைம் ஆவுது." டிரைவர் பாஸ்கர் அண்ணன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார்.

"இருப்பா. பாப்பாவோட அப்பா வந்துகினு கீறாரு."

பாப்பா, என் பாப்பா.

என் வீட்டுக்காரருக்கு அப்போது வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அவருடைய பஸ் வந்து அவரை இறக்கிவிட்டால்தான், தூங்குகிற பாப்பாவை என் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாற்றிவிட்டு நான் என் பஸ்ஸில் ஏற முடியும். ரோட்டோரத்தில்தான் எங்கள் குடித்தனமே நடந்தது.

அட்டெண்டன்ஸில் இன்னொரு முறை லேட் பஞ்ச் விழுந்தால் கான்ட்ராக்ட்டை ரினியூ பண்ண மாட்டோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டிருந்த நேரம் அது. வீட்டுக்காரர் பஸ் வருகிறதா என்று ரோட்டையும் வாட்சையும் மாறி மாறிப் பார்ப்பேன். அண்ணன் மட்டும் அசையாமல் நிற்பார்.

ஜன்னலிலிருந்து ஆளாளுக்குக் கத்துவார்கள். கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கண்டித்தார்கள். மறுநாளும் அந்தக் கால் தரையில்தான் இருந்தது. நான் இன்றைக்கு பர்மனென்ட் என்றால் அதற்கு அந்தக் கால்தான் காரணம்.

நான் பர்மனென்ட் ஆன பிறகு ஒருநாள் பெரிய கூத்து. எங்கள் லைனில் வேலை பார்க்கும் மேரி அக்காவைக் காணோம். ஃபோன் சுவிட்ச் ஆஃப். "தோ வந்துடும்... தோ வந்துடும்..." என்று சொல்லிக்கொண்டே அண்ணன் நின்றார். கடைசியில் பஸ் மொத்தத்துக்கும் லேட் பஞ்ச்!

மேரி அக்கா லீவு போட்டுவிட்டு, தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்காக முந்தின நாளே ஆரணி போய்விட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு அண்ணன் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா திரும்பி வந்த அன்று அண்ணன் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா மேரி... லீவுன்னா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா? பைத்தியக்காரனாட்டம் ரோட்டையே பாத்துகினு நிக்கிறேன்."

அன்றிலிருந்து எங்கள் ஸ்டாப்பில் அது சட்டம். லீவு என்றால் முதலில் ஏழுமலை அண்ணனிடம் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரெல்லாம் அப்புறம்தான்.

ஒரு ஆயுத பூஜை அன்று ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். "ஏண்ணா இப்படி எங்களுக்காகத் திட்டு வாங்கறீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

"சூளையில வளந்தவன்மா நானு. அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்ல. பெரியப்பா கூட செங்கல் சொமக்க வந்தேன். சீசன் முடிஞ்சி ஊருக்குப் போவ லாரி வந்துச்சி. நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன். திரும்பிப் பாத்தா லாரி போய்கினு கீது. கத்திகினே ஓடனேன்... நிறுத்தல."

"தேடிகினு வரலியாண்ணா?"

"மறந்துட்டாங்களோ, ஒரு வாய் கொறஞ்சா சரின்னு வுட்டாங்களோ... இன்னிக்கு வரைக்கும் தெர்ல. அடுத்த சீசனுக்குத்தான் வந்தாங்க. 'இன்னாடா, இங்கியேதான் கீறியா?'ன்னு கேட்டுச்சி பெரியம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க சூளைக்காரர் வீட்டு மாட்டை மேய்த்துக்கொண்டு, லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடி வருவாராம்.

அப்படி இருந்த பிள்ளைதான் வளர்ந்து லோடு இறக்கி, கம்பெனியில் தரை கூட்டி, ஃபோர்க்லிஃப்ட் பழகி, கூப்பிட்ட OT எல்லாம் பார்த்து ஒரு வீடு கட்டினார். மகளை நர்சிங் படிக்க வைத்தார். அந்தப் பெண்ணின் போட்டோவை எங்களிடம் காட்டாத வாரம் கிடையாது.

இன்று காலை பஸ் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டோம். அண்ணனைக் காணோம்.

"லீவு சொன்னாரா?" என்று கேட்டார் மேரி அக்கா.

யாரிடமும் சொல்லவில்லை. அப்படியென்றால் வந்துகொண்டிருக்கிறார். எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

நான் கீழே இறங்கி, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன். பாஸ்கர் அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு அவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மகள் ஃபோன் பண்ணும் வரைக்கும் நின்றோம்.

நாளைக் காலை எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நீங்க மட்டும் லீவு சொல்லாமப் போயிட்டீங்களேண்ணா...

பஸ் உங்களுக்காக நின்னுதுண்ணா. ரொம்ப நேரம் நின்னுது. யாரும் திட்டல.