முறுக்குச் சட்டியில் வெந்த உளி

ஒரு வருடம் எங்கள் வீட்டுத் தீபாவளி முறுக்கு எண்ணெயில் மூன்று உளிகளும் வெந்தன. அப்போது எனக்கு ஏழு வயது. இரும்பையும் முறுக்கையும் ஒரே சட்டியில் போடுகிற வீடு விளாங்குடியிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று பின்னால் பெருமையடித்துக்கொண்டேன், அன்றைக்கு அழுதேன்.

சித்தப்பா பக்கத்துத் தெருப் பட்டறையில் வேலை பார்த்தார். உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து தகடு வெட்டும் உளி அடிப்பது அவர் யோசனை. அந்த உருக்கில் மாங்கனீசும் சிலிக்கானும் கலந்திருக்கிறது, பக்குவமாகச் சூடு காட்டினால் கடை உளியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது என்று சோறு உண்ணும்போதுகூடச் சொல்வார். ஆனால் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த உளி முதல் அடியிலேயே சில்லுசில்லாகப் போனது. இரண்டு தடவை அப்படி. மூன்றாவது தடவையும் உடைந்தால் திருமங்கலம் பக்கத்துச் சொந்த ஊருக்கே போய் மாடு மேய்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று காலை அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டிக்குக் காவல். புதிதாக அடித்த மூன்று உளிகளோடு சித்தப்பா வந்து நின்றார்.

"மதினி, இதை இன்னொரு தடவை இதமாச் சூடு பண்ணணும், அப்பத்தான் உடையாது. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஒரு மணி நேரம் ஒரே சூடு நிக்கணும். பட்டறை உலையில அது நடக்காது."

"இம்புட்டுத்தானா? புளி போட்டு வெளக்கி, ஈரமில்லாமத் தொடச்சுக் கொண்டாங்க தம்பி."

பாதி மாவு அப்படியே இருக்க, உளிகளைச் சட்டியில் இறக்கிவிட்டு அம்மா அடுப்பு முன்னால் சம்மணம் போட்டுவிட்டாள். அவ்வப்போது ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போட்டாள். அது சட்டென்று சிவந்தால் விறகை வெளியே இழுத்தாள். சோம்பலாக மிதந்தால் உள்ளே தள்ளினாள். கடிகாரத்தைச் சித்தப்பா பார்த்தார், சூட்டை அம்மா பார்த்தாள். வெந்த கிள்ளுகளைத் தின்று நான் முறுக்கு நின்றுபோன துக்கத்தை ஆற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் சித்தப்பா ஓடிவந்து என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். முதலாளியே சம்மட்டி போட்டுப் பார்த்தாராம். தகடு துண்டானது, உளியின் முனை மழுங்கக்கூட இல்லை.

"எந்த மிஷின்ல சூடு புடிச்சேன்னு கேக்குறாரு மதினி."

அம்மா சிரித்தபடி மிச்ச மாவைப் பிழியப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குச் சித்தப்பா எங்களைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். அம்மா அதற்குமுன் அந்தப் படி ஏறியதில்லை. லேத்துக்கும் சம்மட்டிக்கும் நடுவில், முந்தின நாள் அவர் இரவல் வாங்கிப் போயிருந்த எங்கள் முறுக்குச் சட்டி இருந்தது. அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. முதலாளி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

சட்டிக்கு இவ்வளவு அலங்காரம் செய்தும் யாரும் அடுப்பு மூட்டவில்லையே என்பதுதான் என் கவலை. அவள் சேலையை இழுத்துக் கேட்டேன்:

"வடை எப்பம்மா சுடுவாங்க?"