மூன்றாவது சிலிண்டரும் அத்தாவுல்லாவின் கண்ணும்

திருவொற்றியூரில் தேரடிக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் அத்தாவுல்லா ஐந்து வேளை தொழுபவர். வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாதவர். பொறாமை கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே எதிர் வரிசையில் நான்கு கடை தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஹென்றியைப் பார்த்து அவர் பொறாமைப்படுவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அங்கே எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணுவார், அவ்வளவுதான். மதியம் இன்னொரு தடவை எண்ணுவார். பள்ளிவாசல் வேறு திசையில் இருந்தாலும், சாயங்கால அஸர் தொழுகைக்கு ஹென்றி பட்டறை வழியாகவே போவார்.

“அந்தாளப் பாக்குற நேரத்துக்கு வண்டியப் பாத்திருந்தா இந்நேரம் ரெண்டு வண்டிய அனுப்பி வச்சிருக்கலாம்” என்பார் மனைவி ரஹீமுன்னிசா. அத்தாவுல்லா விரலை மடக்கிக்கொண்டே இருப்பார். பாதி எண்ணிக்கையில் பேச்சுக் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும்.

அவருக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். ஸ்கேனர் இருப்பது அவரிடம். வயரைச் சொருகினால் வண்டிக்கு எங்கே வலிக்கிறது என்று எழுத்தில் காட்டும். ஹென்றியிடம் இருப்பதெல்லாம் இரண்டு காதும் ஒரு மரப்பெஞ்சும். ஆனால் கூட்டம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. போன வருடம் அந்தக் கூட்டத்தில் அடைக்கலமேரியும் போய் உட்கார்ந்தபோது அத்தாவுல்லாவுக்கு இரண்டு நாள் பசிக்கவில்லை.

அடைக்கலமேரி காசிமேட்டில் மீன் எடுத்து எண்ணூர் வரைக்கும் கடைகளுக்குப் போடுபவர். சொந்தமாகச் சின்ன பிக்கப், தானே ஓட்டுவார். ஆறு வருடம் அந்த வண்டியை அத்தாவுல்லாதான் பார்த்தார். அதன் சத்தம் சந்து முனையில் கேட்டால் இப்போதும் அவர் கை ஸ்பேனரைக் கீழே வைத்துவிடும்.

அன்று காலை பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் இருமிக்கொண்டு வந்தது. ஹென்றி வேளாங்கண்ணி போயிருந்ததால் அங்கே பூட்டு. வண்டி உதறியபடி வந்து அத்தாவுல்லாவின் வாசலில் நின்றது. டாஷ்போர்டில் மஞ்சள் செக் லைட் மின்னி மின்னி அணைந்தது.

“பாய், இது இன்னா கண்ணடிச்சிகினே கீது?”

“எங்கேர்ந்து அடிக்குது?”

“காசிமேட்லேர்ந்தே.”

“காசிமேட்லேர்ந்து இப்படியே ஓட்டிகினு வந்தியா? நின்னு எரிஞ்சா மெதுவா வந்து காட்டலாம்க்கா. மின்னிச்சின்னா அங்கயே ஓரங்கட்டணும். எஞ்சின்ல எரியாத கேஸு சைலன்சருக்குள்ள பூந்து எரியும்.”

“ஓரங்கட்டுனா மீனு நாறிப்பூடும். சொம்மா லெக்சர் குடுக்காம பாரு பாய்.”

பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் எரியாமல் மிஸ் அடிக்கிறது என்றது ஸ்கேனர். இந்த வண்டியில் எஞ்சின் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினார். மூன்றாவது சிலிண்டரின் மேல், தீப்பொறிக்குக் கரண்ட் தரும் காயில், பளபளவென்று புதிதாக இருந்தது.

“யாரு போட்டது?”

“ஹென்றிதான். போன மாசம்.”

அத்தாவுல்லாவின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. அதைச் சட்டென்று மறைத்துக்கொண்டு, முறைப்படி மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார், இரண்டாவதை மூன்றாவதில். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இரண்டுக்கு மாறும். ஸ்டார்ட் செய்தார். மூன்றுதான் மிஸ் அடித்தது. பிளக்குகளையும் அப்படியே மாற்றிப் பார்த்தார். அப்போதும் மூன்று. ஹென்றி போட்ட காயில் பக்கத்து சிலிண்டரில் போய் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு காயில் கெடாமல் இருப்பதைக் கண்டு மெக்கானிக் மனம் நொந்தது அந்தச் சந்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

டார்ச்சை அடித்துக் குனிந்தார். மூன்றாவது சிலிண்டரின் காயிலுக்கு வரும் வயர் கனெக்டர் பச்சை பூத்து ஈரமாக இருந்தது. அதற்கு நேர் மேலே, கம்பியில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. சொட்டிக்கொண்டிருந்தது.

“இது இன்னாக்கா?”

“தொடாத பாய். மந்திரிச்ச உப்பு. மாதா கோயில்ல சாமியார் கையால மந்திரிச்சது.”

“உப்ப யாராச்சும் எஞ்சின் மேல கட்டுவாங்களா? காத்துல கீற ஈரத்தையெல்லாம் இழுத்துகினு கீழ வுட்டுகினு கீது. ஹென்றி கட்டுனானா?”

கேள்வியில் கொஞ்சம் ஆசை இருந்தது.

“ஹென்றி கண்ணாடியாண்டதான் கட்டச் சொல்லிச்சு. நாந்தான் சீட்டுக்கு அடியில கட்டுனேன். கண்ணு படறது எஞ்சினு மேலதான?”

“யாரு கண்ணு?”

அடைக்கலமேரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “டெய்லி ஷட்டராண்ட நின்னுகினு எண்றியே பாய். அந்தக் கண்ணுதான்.”

அத்தாவுல்லா மறுபடியும் எஞ்சினுக்குள் குனிந்துகொண்டார். கனெக்டரைச் சுரண்டி, அரித்துப்போன இரண்டு பின்களை மாற்றி, வேண்டிய நேரத்தைவிடக் கூடுதலாகவே துடைத்தார்.

“சரி, சொல்லு” என்றார் அடைக்கலமேரி. “ஹென்றி போட்டதுதான பூட்ச்சு? நீ ஆமான்னா நாளையிலேர்ந்து வண்டி இங்கதான்.”

ஒரு ‘ஆமா’ போதும். ஆறு வருட வண்டி திரும்பி வந்துவிடும். ஆனால் ஹென்றி ஊரிலிருந்து வருவான், எஞ்சினை ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்பான், விஷயம் விளங்கிவிடும். விளங்கியும் யாரிடமும் சொல்லாமல், பாய் பாவம், பிழைத்துப்போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பான். ஹென்றியின் மன்னிப்பில் பிழைப்பதா? உண்மை பேச மார்க்கம் சொன்ன காரணங்களோடு அத்தாவுல்லா இதையும் சேர்த்துக்கொண்டார்.

“காயிலு நல்லாத்தான் கீது. ஒன் உப்புதான் வேலையக் காட்டிச்சு.”

ஸ்கேனரில் கோளாறை அழித்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் இருமாமல் ஓடியது. விளக்கு அணைந்தே இருந்தது.

அடைக்கலமேரி உப்பு முடிச்சைக் கண்ணாடியில் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். “நல்ல மன்சன் பாய் நீ. ஆனா வண்டி ஹென்றியாண்டயே இருக்கட்டும். அங்க குந்த எடம் கீது.”

“உன் இஷ்டம்” என்றார் அத்தாவுல்லா, ஸ்கேனர் வயரை இறுக்கிச் சுற்றியபடி.

“இன்னிக்கி ஒன்னாண்ட வந்தது தெரிஞ்சாலே அது மொகம் தொங்கிப்பூடும். நீ அந்த மிசினு வாங்குன நாள்லேர்ந்து அதுக்குத் தூக்கமே இல்ல. ‘பாய் இன்னிக்கி எத்தினி வண்டிக்கு வயரு சொருகுனாரு’ன்னு போறவன் வரவனையெல்லாம் கேட்டுகினு கீது.”

அத்தாவுல்லாவின் கை நின்றது.

“அவனும் எண்றானா?”

“பின்ன?”

அவருக்குத் திடீரென்று பசித்தது. வண்டி நகர்ந்தபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார்.

“மேரியக்கா, நீ இங்க வந்தத ஹென்றியாண்ட மறக்காம சொல்லிடு. ஸ்கேனர்ல ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சேன்னு சொல்லு.”