விளக்குக் கம்பத்தின் விரல்கள்

என் அண்ணியின் முகத்தைப் பார்க்காதவர் இந்த ஊரில் இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறது, தபால் தலையில் இருக்கிறது, வருஷா வருஷம் டிவியில் வருகிறது. ஆனால் தெருமுனையில் பேன்ட்டுக்கு ஜிப் மாற்றித் தரும் தையல்காரம்மாவின் முகம்தான் அது என்று எங்கள் வீட்டைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது.

படம் இதுதான். சதுக்கத்தில் தலைவர் காரிலிருந்து இறங்கி, கயிறு கட்டித் தடுத்திருந்த கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டுகிறார். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்க்கிறார்கள். புள்ளி போட்ட சட்டைக்காரப் பெண் ஒருத்தி மட்டும், இடது கையால் கயிற்றைப் பிடித்தபடி, தலையை வேறு பக்கம் திருப்பிச் சிரிக்கிறாள். படம் எடுத்த அடுத்த சில நொடிகளில் தலைவரைச் சுட்டுவிட்டார்கள். சுட்டவனும் அங்கேயே செத்தான். அனுப்பியது யார் என்று கேட்க ஆளில்லாமல் போனதால், ஊரே அந்தக் கேள்வியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

நான் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். நினைவு நாள் நெருங்கினாலே அங்கே எனக்குத் தலைவலிதான். சொந்தக் கட்சிக்காரனே முடித்துவிட்டான் என்பது டிரைவர்களின் கட்சி. வெளிநாட்டு வேலை என்பது கண்டக்டர்களின் கட்சி. தலைவர் சாகவே இல்லை, எங்கோ தாடி வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்கிறார் கேன்டீன்காரர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று தரப்பும் ஒத்துப்போகும். "அந்தச் சிரிச்சவளைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டா எல்லாம் வெளிய வந்துடும்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.

டிவியில் ஒருவர் வருவார். படத்தைப் பெரிதாகப் போட்டு, சிவப்புப் பேனாவால் அண்ணியின் தலையைச் சுற்றி வட்டம் போடுவதே அவருக்குப் பிழைப்பு. வீட்டில் நாங்கள் அவருக்கு வட்டக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். "தலைவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுது, ஒரு பொண்ணு மட்டும் அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்குது. யாருக்குச் சைகை காட்டுச்சு? படத்துக்கு வெளிய நிக்கிற அந்த ஆள் யாரு?" என்று கேட்டுவிட்டு, விளம்பர இடைவேளை வரும்வரை நம்மையே முறைப்பார்.

படத்துக்கு வெளியே இருந்தது என் அண்ணன். நின்றுகொண்டும் இல்லை. ஓடி வந்துகொண்டிருந்தான்.

அண்ணி அப்போது துணி மில்லில் சட்டைப் பித்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுக்கும் வேலையில் இருந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மில் லிஃப்ட் பழுதாகும்போதெல்லாம் இவன்தான் போவான். அது ஏன் அத்தனை முறை பழுதானது என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள், முடியவே முடியாது என்று. தலைவர் வருகிறார் என்று மில்லுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் காலையில் அரை நாள் லீவு விட்டார்கள். அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறான்: "அம்மா சரின்னா சதுக்கத்துக்கு வர்றேன். வரலைன்னா நீ என்னை மறந்துடு."

அன்று காலை அவன் வெளியே போகக் கூடாது என்று அம்மா அவனுடைய ஷூவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பத்து மணிக்கு மேல் அம்மாவே அழுதுவிட்டு, "போய்த் தொலை, கூட்டிக்கிட்டு வா" என்றாள். சாவியைத் தேடக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. வாசலில் கிடந்த அப்பாவின் ஷூவில் காலை விட்டுக்கொண்டு ஓடினான். அப்பாவின் பாதம் யானைப் பாத அளவு. நான் பள்ளிக்கூடச் சீருடையில் வாசலில் நின்று, அவன் தடக் தடக்கென்று போவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். கயிற்றருகே நின்ற அண்ணியும் அதைப் பார்த்துத்தான் சிரித்தாள். வந்துவிட்டான் என்ற சந்தோஷம் பாதி, அந்த ஷூவைப் பார்த்த சிரிப்பு பாதி.

அப்புறம் வெடிச்சத்தம். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சுடுவதற்கு முன்னாலேயே ஓடிய ஆட்களைப் போலீஸ் தேடுகிறது என்ற செய்தியும் வந்தது. சுடுவதற்கு முன்னாலேயே ஓடியவன் அண்ணன்தானே. அண்ணியிடமிருந்து அந்தப் புள்ளிச் சட்டையை வாங்கி வந்து எங்கள் கொல்லையில் கொளுத்தினான். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று அண்ணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அம்மா மனம் மாறிய நாளைக் கொண்டாடக்கூட வழியில்லாமல், சத்தம் போடாமல் கல்யாணம் நடந்தது. கல்யாணப் படத்தில் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிறகு மில் மூடிவிட்டது. அண்ணி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, இடுப்பு பெருத்தவர்களின் பேன்ட்டைப் பிரித்து விடுவது, இளைத்தவர்களின் பேன்ட்டைப் பிடிப்பது. கல்யாணம் என்ற பக்கமே போகாத நான் மாடி அறையில் இருந்துவிட்டேன். பிள்ளை இல்லாத வீட்டில் மெஷின் சத்தம்தான் பேச்சுத்துணை. நினைவு நாள் வாரம் வந்தால் மட்டும் அந்தச் சத்தம் கெட்டுவிடும். அண்ணி தைத்ததையே பிரிப்பாள், பிரித்ததையே தைப்பாள். ஷட்டரை இறக்குவாள், ஏற்றுவாள். தெருவில் யாராவது நின்று பேசினால் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். போன வருஷம் அண்ணன் நெஞ்சுவலியில் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவனுடைய ஷூவும் வாசலை விட்டுப் போகவில்லை. நான் எடுத்து வைத்தால் அண்ணி திரும்பக் கொண்டுவந்து வைப்பாள்.

இந்த வருஷம் நாற்பதாம் ஆண்டு. சதுக்கத்தின் நீளச் சுவரில் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். விழாவுக்கு முன்னால் நினைவுக் கமிட்டி அதற்குப் புது வர்ணம் அடிப்பது வழக்கம். வட்டக்காரரின் வாயை அடைக்க இம்முறை கமிட்டி ஒரு யோசனை பண்ணியது. சிரித்தவளையே எடுத்துவிட்டால் சர்ச்சை தீர்ந்தது அல்லவா? எடுத்த இடம் மொட்டையாகத் தெரியாமலிருக்க அங்கே ஒரு விளக்குக் கம்பத்தை நிறுத்தினார்கள். அன்றே வட்டக்காரர் டிவியில் குதித்தார். அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் விளக்குக் கம்பம் இருந்ததில்லையாம். யாரை மறைக்கக் கம்பம்?

நான் டிப்போவிலிருந்து ஓடி வந்து சொன்னேன். "அண்ணி, உங்களை எடுத்துட்டாங்க! விட்டது தொல்லை. இனிமே நிம்மதியா தூங்குங்க."

அண்ணி கத்திரிக்கோலை வைத்தாள். "என்னை எடுக்க அவங்க யாரு?" என்றாள்.

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கம்பம் நன்றாகத்தான் இருந்தது. பெயின்டர் அவசரத்தில் ஒன்றை விட்டிருந்தார். கயிற்றைப் பிடித்திருந்த அண்ணியின் நாலு விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன. விளக்குக் கம்பம் விரல் வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி அந்த விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் எப்படா இதை அழிப்பாங்கன்னு இருந்தேன்" என்றாள். "உன் அண்ணன் இருந்தார், அதனால அப்படி இருந்தேன். இப்ப அவர் என்னைப் பார்க்க ஓடி வந்தார்னு சொல்ல இந்தப் படம் ஒண்ணுதானே இருக்கு? இன்னிக்குச் சுவத்துல எடுத்தவங்க நாளைக்குப் புத்தகத்துலயும் எடுப்பாங்க. சட்டையும் போச்சு, ஆளும் போயாச்சு. அந்தச் சிரிப்பு அவரோடது. அதை எப்படி எடுப்பாங்க?"

விழாவுக்கு முந்தின நாள் என்னையும் இழுத்துக்கொண்டு கமிட்டி ஆபீசுக்குப் போனாள். ஸ்டேஷனரிக் கடை மாடியில் ஓர் அறை, நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக உத்தரம்வரை. செயலாளர் பேட்ஜுகளுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் படத்துல சிரிக்கிற பொண்ணு நான்தான்" என்றாள் அண்ணி. அண்ணனுக்குக் கொடுத்த சத்தியத்தை முதல்முறையாக மீறுகிறாள்.

செயலாளர் நிமிரவில்லை. "இந்த வாரத்துல நீங்க எத்தனையாவது ஆள் தெரியுமாம்மா? நேத்து ஒருத்தங்க வந்தாங்க. மேடையில நாற்காலி வேணுமாம்."

"எனக்கு நாற்காலி வேண்டாம். சுவத்துல என் இடம் வேணும்."

"சரி. யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரரை. அப்ப இன்னும் கல்யாணம் ஆகலை. அவங்க அப்பா ஷூவைப் போட்டுக்கிட்டு ஓடி வந்தார். அது கழண்டு கழண்டு போச்சு. சிரிச்சிட்டேன்."

செயலாளர் இப்போது நிமிர்ந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா நாங்க நாற்பது வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டோம்? அம்மா, கதை விடறதுன்னு ஆயிடுச்சு, கொஞ்சம் பெரிசா விடக் கூடாதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யார் கதை விடறது? இல்லாத கம்பத்தை நட்டவங்க நீங்களா நாங்களா?" என்று கத்தினேன். அண்ணி என் கையைப் பிடித்து அமுக்கினாள். "சார், முகம் போனது போகட்டும். அந்த நாலு விரலையாவது விட்டுடுங்க."

"விரலா? எந்த விரல்?"

அதுவரை அவருக்கு அது தெரியாது. எங்கள் கண் முன்னாலேயே போனை எடுத்தார். "என்னய்யா பெயின்டரே, கம்பத்துக்கு விரல் முளைச்சிருக்காமே? காலையில விழாவுக்கு முன்னாடி அடிச்சு முடி."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி மெஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே ஒரு திரைச்சீலையை ஓரம் முழுக்க ஓட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் நான் எழுந்தபோது கீழே ஷட்டரில் பூட்டு தொங்கியது. அண்ணியைக் காணோம். வாசலில் காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் கால் இடறியது. பதற்றத்தில் அதுகூட உறைக்கவில்லை.

அங்கே பார்த்தால், அண்ணி விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். இடது கையால் சுவரின் நாலு விரல்களையும் பொத்தியிருக்கிறாள். எதிரே பெயின்டர் வாளியும் பிரஷுமாக. விடியற்காலையிலிருந்து இதே கூத்தாம், பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார்.

"அம்மா, ரெண்டு நிமிஷ வேலை. தள்ளுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் பெயின்டர்.

"முடியாது."

"தள்ளுங்கம்மா, படத்தை மறைக்கிறீங்க!" என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கத்தினார்கள். பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் அவள் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார்.

அந்த நேரத்தில் சங்கு ஊதியது. மௌன அஞ்சலி. சதுக்கம் மொத்தமும் தலை குனிந்தது. தொண்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பெயின்டர்கூட பிரஷைத் தாழ்த்தினார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு சத்தம்தான். தடக், தடக், தடக். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த என் காலிலிருந்துதான். குனிந்து பார்த்தேன். அண்ணனுடைய ஷூ.

அண்ணி அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கோ ஒரு கேமரா கிளிக் என்றது.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கம். ஆயிரம் தலைகள் குனிந்திருக்க, ஒரே ஒரு கிழவி கம்பத்தோடு கம்பமாக நின்று வேறு பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். படத்தின் ஓரத்தில், தரையோடு தரையாக, ஒரு ஷூவின் முனை. வட்டக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வட்டம் போட்டார், ஒன்று தலைக்கு, ஒன்று ஷூவுக்கு. "யாருடைய ஷூ இது?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல நம்மை முறைத்தார். இனி சுவரில் எதைத் தொட்டாலும் வம்பு என்று பயந்து, கமிட்டி பிரஷையே எடுக்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. விரல்கள் பிழைத்தன.

டிப்போவில் அன்று பேச்செல்லாம் ஷூ பற்றித்தான். அது பெரிய ஆள் போடுகிற ஷூவாம், விசாரித்தால் எல்லாம் வெளியே வருமாம். நான் கவுன்டருக்குக் கீழே காலை இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தப் படத்தைக் கத்தரித்து மெஷினுக்கு எதிரே சுவரில் ஊசி குத்தி வைத்திருந்தாள். முன்னறையில் வருகிற போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடம்.

"என்ன அண்ணி இது, பயமே இல்லையா? யாராவது கண்டுபிடிச்சா?" என்றேன்.

அண்ணி எழுந்து வந்து ஷூவின் முனையைத் தொட்டுக் காட்டினாள்.

"பாரு, இதுல அவரும் வந்துட்டார்."