பூட்டிக் கிடந்த மருந்துக் காம்பரா

சோலைமலை செத்த வீட்டில் எல்லாரும் தொய்வு, வெறும் மூச்சிரைப்பு என்றுதான் பேசிக்கொண்டார்கள். சண்முகவடிவுக்குப் பொறுக்கவில்லை.

"தொய்வு இல்ல, டீபி," என்றாள் சத்தமாக. "மருந்து இல்லாம சாகல. மருந்துக்குப் போக வழியில்லாம செத்தாரு."

அவளுடைய புருஷன் கையைப் பிடித்து இழுத்தான். அவளுக்கும் அதே நோய் வந்தபோது லயத்து வீடுகள் முழுக்கத் தொய்வு என்று சொல்லி மறைத்தவன் அவன்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. மருந்து இலவசம்தான். ஆனால் தினமும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்குள்ளவர்கள் பார்க்க விழுங்க வேண்டும். பஸ் பிடித்துப் போய்வந்தால் அன்றைக்கு வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. சண்முகவடிவு அரைவயிறும் கால்வயிறுமாக ஆறு மாதம் போய்க் குணமானாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சோலைமலை, இருமல் கொஞ்சம் அடங்கியதும் மருந்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மழைக்காலத்தில் ரத்தமாகக் கக்கினார்.

கருமாதி முடிந்த கையோடு அவள் டவுனுக்குப் போய், தனக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் கிருஷாந்தி முன்னால் நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண் அவர்.

"மருந்தை நாங்கள் தோட்டத்துக்கே அனுப்புவம்," என்றார் டொக்டர். "விழுங்கிறதைப் பாக்க ஒரு பொறுப்பான ஆள் வேணும். காத்து வெளிச்சம் உள்ள அறை வேணும். அறை திருத்த என்னட்டக் காசில்லை."

"ஆளு நான் இருக்கேங்க. அறை எங்க தோட்டத்துலயே பூட்டிக் கெடக்கு."

பழைய மருந்துக் காம்பரா அது. கூரைத் தகரம் துருப்பிடித்து, ஜன்னலுக்குப் பலகை அடித்துக் கிடந்தது. சாவி கேட்டால் தோட்டத்து மேனேஜர் துரை, கொழும்புக் கம்பெனியில் கேட்க வேண்டும் என்றார். எப்போது போனாலும் அதே பதில்.

கூரைக்காக அவள் கோயில் கூட்டத்தில் எழுந்தாள். சம்பளத்தில் மாதாமாதம் கோயில் சந்தா பிடிக்கிறார்கள். அந்த வருடம் கோபுரத்துக்கு வர்ணம் பூசத் திட்டம். இந்தத் தடவை அதைக் கூரைக்குக் கொடுங்கள் என்றாள்.

கமிட்டித் தலைவர் ஆண்டியப்பன் துள்ளி எழுந்தார். "சீக்குக்காரி சாமி காசுல கைய வைக்கிறா!"

"ஆமாங்க, சீக்குக்காரிதான். எனக்கு டீபி இருந்துச்சு. மருந்து குடிச்சேன், பொழச்சிட்டேன். சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல. சோலைமலையத் தூக்கிட்டுப் போனீங்களே, ஒங்களுக்குத்தான் வெக்கமா இருக்கணும்."

ஆம்பிளைகள் கூச்சல் போட்டார்கள். கூட்டம் கலைந்தது. ஆனால் வெளியே போகும்போது, கூடக் கொழுந்து பறிக்கும் ராசம்மா அவள் காதோடு, "என் மகளுக்கும் ரெண்டு மாசமா இருமல்," என்றாள். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அடுத்த நாள் கொழுந்து மலையில் இன்னும் சிலர் வாய் திறந்தார்கள்.

கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம்; ஒரு நாள் பறிக்காவிட்டாலும் நட்டம். ஒரு நாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், மலைக்குப் போகச் சொல்லியும் பெண்கள் நகரவில்லை. துரை ஜீப்பை விட்டு இறங்கி வந்தார்.

"என்ன, ஸ்ட்ரைக்கா?"

"வேலைக்கு வரமாட்டோம்னு சொல்லலங்க," என்றாள் சண்முகவடிவு. "சாவியக் குடுங்க, போறோம்."

"ஒன் பேரை வெட்டிருவேன்."

"அவ பேர வெட்டினா எங்க பேரையும் வெட்டுங்க," என்றது பின்னாலிருந்து ராசம்மாவின் குரல். மற்றவர்கள் கூடையை இறக்கிக் கீழே வைத்தார்கள்.

துரை மலையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். கொழும்பு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. ஆபீஸிலிருந்து சாவி வந்தது.

அந்த மாதச் சந்தாவைக் கோயிலுக்குப் பிடிக்கக் கூடாது, கூரைத் தகரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று பெண்கள் கணக்கப்பிள்ளையிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு சண்டை. சண்முகவடிவின் புருஷன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவனே ஏணியோடு வந்து பலகையைப் பிடுங்கி எறிந்தான். தகரம் ஏறியது. டொக்டர் வந்து பார்த்து, மருந்துப் பெட்டியை அவள் பொறுப்பில் கொடுத்தார். ராசம்மாவின் மகளுக்குச் சளிப் பரிசோதனையில் நோய் தெரிந்தது; அங்கேயே மருந்து தொடங்கினார்கள்.

கோபுரம் அந்த வருடம் வர்ணம் காணவில்லை. ஆண்டியப்பன் இன்றைக்கும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும் என்கிறாள். விடிந்ததும் கதவைத் திறந்துவைத்து, வேலைக்குப் போகிற நோயாளிகளை வழிமறித்து, "வாயைத் திற, முழுங்கிட்டியா பாக்கணும்," என்று அதட்டுகிறாள்.