பரளச்சியில் நான் கண்ணாடி என்று சொன்ன மரகதம்

மூத்த மகளுக்கு வைகாசியில் கல்யாணம். ஜாதகம் பார்த்தவர் புதனுக்கு ஒரு மரகதம் போடச் சொன்னார். அதற்காக மாசியிலிருந்து பங்குனிக்குள் மூன்று பயணம் போனேன். கல் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். பெருமைப்பட எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதல் பயணம் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிப் பக்கம். காலை 6.10க்கு பைக்கை எடுத்து 6.55க்கு வத்தல் காயப்போடும் களத்தில் நின்றேன். வண்டி மீட்டரில் 23 கிலோமீட்டர், வழியில் காபி 15 ரூபாய். நான் மிளகாய் வத்தல் வியாபாரி. சாக்குத் தூக்கி ஆரம்பித்தவன், இருபத்தாறு வருஷத்தில் சரக்கு அடுக்கச் சொந்தக் கிட்டங்கி வைத்துவிட்டேன். அந்தக் களத்து வத்தலை எட்டு வருஷமாக நான்தான் எடுக்கிறேன். களம் பேச்சியம்மாள் அக்காவுடையது. அவர் கணவர் ஜெய்ப்பூரில் கல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது சேமிப்பில் ஒரு மரகதம் வாங்கி வந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம். நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட வேண்டும், கல்லை முப்பத்தைந்தாயிரத்துக்குத் தருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் காதில் விழச் சரக்கைக் குறை சொல்ல வேண்டும். வத்தலைக் கிள்ளி வெயிலில் பிடித்து, "வெள்ளை விழுந்திருக்கே" என்று உரக்கச் சொன்னால் விலை தானாக இறங்கும். கல்லையும் அப்படியே வெயிலில் பிடித்தேன். பச்சைக்குள் பாசி போல இழை இழையாக ஓடியது. ஓரத்தில் மயிரிழைக் கோடு.

"என்னக்கா, உள்ள பாசி புடிச்சுக் கெடக்கு. பாட்டிலு கண்ணாடிய ஒடைச்சு ஒங்க வீட்டுக்காரர் தலையில கட்டிட்டாய்ங்க."

எடை போட நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். "சோடா பாட்டிலா, பீரு பாட்டிலா அண்ணாச்சி?" என்றார் லோடு ஏற்றும் முனியாண்டி. நானும் சிரித்தேன்.

"அவுக பொய் சொல்ல மாட்டாக" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா கல்லைத் துணியில் முடிந்துகொண்டார்.

விலையை இறக்கத்தான் அப்படிப் பேசினேன் என்று எழுதினால் கொஞ்சம் தப்பிக்கலாம். அது பாதிதான். கண்ணாடி என்றே நம்பினேன்.

இரண்டாவது பயணம் மதுரை. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். ஒரு தரகர் மாடி அறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் கல் காட்டினார். இரண்டரை கேரட், உள்ளே தூசி துரும்பு இல்லை. சர்டிபிகேட்டுக்கு நாலு நாள் ஆகும், அதுவும் பில்லும் வேண்டாம் என்றால் 48,000 என்றார். என் கண்ணை விடவா சர்டிபிகேட் என்று வாங்கி வந்தேன்.

மகள் முதலில் கேட்டதே, "சர்டிபிகேட் எங்கப்பா?" அவள் பிடிவாதத்துக்காக மறுநாளே மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். கட்டணம் 900. அங்கிருந்த பெண் லென்ஸை என்னிடமே கொடுத்தார். "உருண்டை உருண்டையா குமிழி தெரியுதா சார்? இது கண்ணாடி. இயற்கை மரகதத்துல பாசியும் இழையும் இருக்கிறதுதான் வழக்கம். ஒரு குறையும் இல்லாம இந்த விலைக்கு வந்தா சந்தேகப்படணும்."

தரகரின் போன் அணைந்திருந்தது. போன பணம் வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது காதில் கேட்டது அந்த ஆறு பேரின் சிரிப்புதான்.

மூன்றாவதாக மறுபடி பரளச்சி. "அக்கா, அது நெசக் கல்லாத்தான் இருக்கும்னு தோணுது" என்றேன்.

"இப்பத் தோணுதாக்கும்! ஊருக்குள்ள எம்பேரே பாட்டிலக்கா ஆயிருச்சு அண்ணாச்சி. கடையில எவனாவது சோடா கேட்டாக்கூட என்னயப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க. செத்தவுகளையும் சேத்துல்ல சிரிக்கிறாய்ங்க."

அன்றே இருவரும் மதுரைக்குப் போனோம். அருப்புக்கோட்டை வரை டவுன் பஸ், அக்காவுக்கு டிக்கெட் கிடையாது. வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மாலை 4 மணிக்கு முடிவு வந்தது: இயற்கை மரகதம், 2.1 கேரட், கீறல் தெரியாமலிருக்க மரகதத்துக்கு வழக்கமாக ஏற்றும் எண்ணெய் உண்டு. அங்கேயே அறுபதாயிரம் தருகிறேன் என்றேன். வியாபாரி புத்தி.

"ஒங்களுக்கு இல்ல. அன்னைக்குச் சொன்ன எடத்துல, அதே ஆளுக முன்னால இத வாசிங்க. அது போதும்."

அடுத்த எடை நாளில் களத்தில் நின்று வாசித்தேன். குரல் எழும்பவில்லை. "சத்தமா, அண்ணாச்சி. அன்னைக்கு நல்லாக் கேட்டுச்சே" என்றார் அக்கா. மறுபடி வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. முனியாண்டி சாக்கைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

கல்லை அக்கா வேறொருவருக்கு விற்றார், போரும் போட்டார். வத்தல் இப்போது நரிக்குடி வியாபாரிக்குப் போகிறது. என் மகள் கல் இல்லாமலே மணமேடை ஏறினாள்.

மரகதம் வாங்கப் போகிறவர்கள் காலை வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். பாசிக்குப் பயப்படாதீர்கள், மேற்பரப்பு வரை வந்த ஆழமான கீறலுக்குப் பயப்படுங்கள், அது உடையும். சர்டிபிகேட்டில் 'இயற்கை' என்ற சொல்லும் எண்ணெய் எவ்வளவு என்ற விவரமும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். மோதிரத்தை வெந்நீரில் கழுவாதீர்கள், எண்ணெய் போய்விடும்.

கல் பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்று நானும் அந்த ஒரு சொல்லோடு பைக்கை எடுத்திருக்கலாம். இப்போது அந்தக் களத்தைத் தாண்டும்போது ஹார்ன்கூட அடிப்பதில்லை.